ஷார்லட் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்

அடியே,

திட்டாத. தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் போடல, பொங்கலுக்கு யாரோ அனுப்பின பானை படத்த உனக்கு தள்ளிவிட்டு தப்பிச்சிட்டேன், எல்லாம் தெரியும். வாய்ஸ் நோட்டு போடலாம்னு ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், பஸ்ல பக்கத்து சீட்டு அக்கா சீரியல் கேக்குற மாதிரி காத இந்தப் பக்கம் சாய்ச்சாங்க, விட்டுட்டேன். அதான் டைப் அடிக்குறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு சுகர் குறையல, அதிரசம் திங்குறதும் குறையல. தேங்கா மூடி சார் ரிட்டயர் ஆயிட்டாரு, கடைசி நாள் கூட அதே சட்டைதானாம்.

விஷயம் என்னன்னா, நம்ம புக்க திரும்பப் படிச்சேன். எந்த புக்குன்னு கேட்ட, உதைப்பேன். ஜேன் ஆஸ்டின் எழுதுன நாவல், ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்தான். பாண்டி சண்டே மார்க்கெட்ல 40 ரூபாய்க்கு பேரம் பேசி வாங்குனோமே, அட்டை பிஞ்சது, அதேதான். போகிக்கு எரிக்கன்னு அம்மா பழைய பாய், கிழிஞ்ச தலகாணியோட சேத்து வாசல்ல போட்டிருந்தாங்க, விடியக்காலைல கோலம் போட வந்தவ பாத்து புடுங்கிட்டேன். ஓரத்துல நீ பென்சில்ல போட்ட ஹார்ட்டு எல்லாம் அப்படியே இருக்கு, மானத்த வாங்குது.

தினம் பஸ்லதான் படிச்சேன். ஏழே முக்கால் வண்டி, மஞ்சக்குப்பத்துல ஏறுனா ரெட்டிச்சாவடி தாண்டுற வரைக்கும் நிக்கணும், கன்னியக்கோயில்ல கம்பெனி ஆளுங்க எறங்குனாதான் சீட்டு, அங்கேந்து அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள ஒரு பத்து பக்கம். சாயங்காலம் தூக்கம்தான், வாய தொறந்துக்கிட்டு.

ஹீரோ டார்சி வந்தான்டி, போனான், எனக்கு ஒண்ணுமே ஆகல! காலேஜ்ல படிச்சப்ப அவன் மொத தடவ லவ்வ சொல்லி திட்டு வாங்குற எடத்துல நீயும் நானும் சில்வர் பீச் மணல்ல உக்காந்து மூச்சு விடாம படிச்சோம், அவிச்ச கடலை ஆறிப்போச்சு. இப்ப அதே எடம் வந்தப்ப நான் யோசிச்சது என்ன தெரியுமா, அவன் டான்ஸ் ஹாலுக்குள்ள நுழைஞ்சு அஞ்சு நிமிஷத்துல வருஷத்துக்கு 10,000 பவுண்டு வருமானம்னு ஊரே பேசுச்சே, அந்தக் கணக்குதான். அக்கவுன்ட்ஸ்ல நாலு வருஷம் குப்ப கொட்டுனா புத்தி இப்படித்தான் போவும். ஹீரோயின் எலிசபெத்துக்கு என்ன இருக்குன்னு பாத்தேன். அம்மா காலத்துக்கு அப்புறம் 1,000 பவுண்டு, 4 சதவீதம் வட்டி. அதாவது வருஷத்துக்கு 40. 10,000 எங்க, 40 எங்க, 250 மடங்கு! இத யாரு சொல்றான்னு பாரு, அவ சொந்தக்காரன் அந்த காலின்ஸ்தான், அதுவும் அவகிட்ட கல்யாணம் பண்ணிக்குறியான்னு கேக்குறப்பவே சொல்லுறான். நாம அந்தப் பக்கத்த சிரிச்சிக்கிட்டே தாண்டிட்டோம்.

அப்புறம் எலிசபெத்தோட அம்மா, அந்த மிஸஸ் பென்னட். நீ மிமிக்ரி பண்ணுவியே, தலைல துண்டு கட்டிக்கிட்டு. இப்ப படிச்சா பாவமா இருக்குடி. அஞ்சு பொண்ண பெத்தா அரசனும் ஆண்டின்னு நம்மூர்லயே சொல்லுவாங்க, அங்க அந்தாளு அரசனும் இல்ல, வருஷம் 2,000 வர்ற நிலம், வீடு எல்லாம் அவர் கண்ண மூடுன அன்னிக்கே பங்காளி பையன் காலின்ஸுக்குப் போயிடும். அப்ப அந்தம்மா கத்தாம என்ன பண்ணும்? புருஷன் லைப்ரரில உக்காந்து நக்கல் அடிச்சிக்கிட்டு இருக்கான். அவன நாம 'கூல் டாடி'ன்னு சொன்னோம், செருப்பால அடிக்கணும் நம்மள. நம்மூர்ல பொண்ணுங்களுக்கு சொத்துல சம பங்குன்னு 1989லயே சட்டம் வந்தாச்சு, ஆனா எங்கம்மா இன்னைக்கும் மாடி ரூம 'தம்பி ரூம்'னுதான் சொல்றாங்க, அவன் இங்க இருந்தே மூணு வருஷம் ஆச்சு.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்ல. ஷார்லட்.

புக்குல எலிசபெத்தோட தோழி, அவளுக்கு 27. படிச்சப்ப 27னா நமக்கு கிழவி. எனக்கு போன ஆவணியோட 27 ஆச்சு. எலிசபெத் வேணாம்னு சொன்ன அதே காலின்ஸ ரெண்டு மூணு நாள்ல ஷார்லட் சரின்னுடுவா, கேட்டதும் எலிசபெத் வாய்விட்டு 'இருக்கவே முடியாது'ன்னு கத்திடுவா. நாமளும் அதத்தானடி பண்ணோம்? நம்ம ஃப்ரெண்டு அவ கல்யாணப் பத்திரிகைய எடுத்துக்கிட்டு வெயில்ல டீக்கடை வரைக்கும் தேடிக்கிட்டு வந்தா. மாப்பிள்ளைக்கு உரக்கடைன்னு சொன்னதும் நீ சிரிச்ச, உன்ன விட நான் சத்தமா சிரிச்சேன். அன்னையிலேந்து அவ பேரே நமக்கு ஷார்லட் ஆயிடுச்சு. கல்யாணத்துக்கும் போகல, பரிட்சைன்னு பொய் சொன்னோம்.

தை அஞ்சு ஆத்துத் திருவிழா அன்னைக்கு பெண்ணையாத்துல அவள பாத்தேன். மணல்ல சாமிங்க வரிசையா நிக்குது, ஜனம்னா ஜனம், சுருளிக்கிழங்கு விக்குற அம்மாகிட்ட ஒருத்தி இடுப்புல குழந்தைய வெச்சிக்கிட்டு விடாம பேரம் பேசிட்டு இருக்கா, கொரல் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அப்படியே திரும்பி நடந்துடலாம்னு இருந்துது, நெஜமா சொல்றேன். அவதான் பாத்துட்டு, "ஏய், ஒல்லியாயிட்டடி"ன்னு பாதி கிழங்க என் பைல கொட்டிட்டு, அடுத்த ஞாயிறு நெல்லிக்குப்பம் வான்னு சொல்லிட்டு போயிட்டா.

போனேன். கடையும் வீடும் ஒண்ணு, முன்னாடி யூரியா மூட்ட, ரோட்டுல கரும்பு வண்டி போனா ஜன்னல் ஆடுது. அவ வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனா பேசுறாரு. ஐயோ பேசுறாரு! சொட்டுநீர்ப் பாசனத்துல ஆரம்பிச்சு பாண்டில ஒரு சென்ட் என்ன வெல, எங்க ஆபீஸ்ல பிஎஃப் புடிக்குறானா, ஏன் புடிக்கல, எல்லாம் கேட்டுட்டாரு. காப்பி ஆறுற வரைக்கும் நான் 'ம்' மட்டும்தான். ஒரு கஸ்டமர் வந்து காப்பாத்துனாரு.

அப்ப அவ என் கைய புடிச்சு பின்னாடி இழுத்துட்டுப் போனா. சமையக்கட்டு தாண்டி ஒரு சின்ன ரூம், ஆஸ்பெஸ்டாஸ் போட்டது, ஜன்னலுக்கு வெளிய முருங்கமரம். தையல் மெஷின், ஆறாவது ஏழாவது புள்ளைங்க டியூஷனுக்கு உக்கார ரெண்டு பாய், பிஸ்கட் டப்பால சாக்பீஸ். "முன்னாடி ஹால் இவ்ளோ பெருசா காத்தோட்டமா இருக்கே, இங்க ஏன்டி அடைஞ்சு கெடக்குற?"ன்னு கேட்டேன். கேட்டு முடிக்குறதுக்குள்ள எனக்கே தொண்ட அடைச்சிடுச்சு. ஏன்னா அது புக்குல இருக்குடி! எலிசபெத் ஷார்லட் வீட்டுக்குப் போறப்ப இதேதான் யோசிப்பா, பெரிய ரூம் இருக்க இவ ஏன் பின்பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கான்னு. அப்புறம் புரியும், முன்னாடி உக்காந்தா காலின்ஸும் கூடவே வந்து உக்காந்துப்பான். ரோடு பாத்த ரூம அவனுக்கு விட்டுட்டா. தோட்ட வேல ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லி அவன வெளிய அனுப்புறதும் அவதான். அந்த ரூம் விஷயம் ஒரே பத்திதான். அன்னைக்கு நாம அதுல நிக்கவே இல்ல.

நம்ம ஷார்லட் என்ன சொன்னா தெரியுமா? "இங்க நான் ரெண்டு மணிலேந்து நாலு மணி வரைக்கும் யாரோட பொண்டாட்டியும் இல்லடி"ன்னா. சொல்லிட்டு சிரிச்சா. நான் மூஞ்ச எப்படி வெச்சிருந்தேனோ, ஒடனே, "பாவம் பாக்காத, எனக்குப் புடிக்காது. கடைக்கு வரவு செலவு நான்தான் எழுதுறேன், சாவி என்கிட்ட. நீங்க ரெண்டு பேரும் எனக்கு பேரு வெச்சது தெரியும். நான் அந்த புக்க முழுசா படிச்சேன், நீங்க ரெண்டு பேரும் டார்சி வர்ற பக்கத்த மட்டும் படிச்சீங்க"ன்னா. எனக்கு பதிலே வரல. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?

சரி, இப்ப என் கதை. பண்ருட்டிலேந்து ஒரு ஜாதகம், பொருந்திடுச்சு, வர்ற ஞாயிறு பொண்ணு பாக்க வர்றாங்க. அம்மா பேர சொல்றதுக்கு முன்னாடி சம்பளத்த சொன்னாங்க, அந்த டான்ஸ் ஹால் ஆளுங்களாவது அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க. பையன் மெசேஜ் போட்டான், 'புக்ஸ் பிடிக்குமாமே, நானும் மோட்டிவேஷன் புக்ஸ் படிப்பேன்'னு. சிரிக்காத. ஸ்பெல்லிங் எல்லாம் சரியாத்தான் இருந்துது. கெட்டவனா தெரியல, அதான் பயமே. காலின்ஸா இருந்தா டக்குனு வேணாம்னுடலாம், டார்சியும் இல்ல, சும்மா ஒரு ஆளு.

எழுதுனவ கதைய தேடிப் படிச்சேன், ஆபீஸ்ல வேல இல்லாத ஒரு மதியம். 1802 டிசம்பர்ல ஜேன் ஆஸ்டினுக்கு 27 ஆக ரெண்டு வாரம் இருக்குறப்ப, தோழிங்களோட தம்பி, பெரிய சொத்துக்காரன், கல்யாணம் பண்ணிக்குறியான்னு கேக்குறான். சாயங்காலம் சரின்னுட்டா. விடிஞ்சதும் முடியாதுன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டா. அந்த ஒரு ராத்திரி அவ தூங்கியிருப்பாளாடி? அப்புறம் கல்யாணமே பண்ணிக்கல. 1813ல இந்த புக் வந்துது, 150 பவுண்டு கேட்டிருக்கா, பதிப்பாளன் 110தான் குடுத்திருக்கான். எங்க மேனேஜர் இன்க்ரிமென்ட் லெட்டர் நீட்டுன மூஞ்சிதான் ஞாபகம் வந்துது.

வேணாம்னு சொன்னவதான் சரின்னு சொன்ன ஷார்லட்ட எழுதிருக்கா, அதுவும் கேலி பண்ணாம, ரூம் எந்தப் பக்கம்னு கூட யோசிச்சு. அத நெனச்சிக்கிட்டே நேத்து தவளக்குப்பம் ஸ்டாப்ப விட்டுட்டேன், அங்க ஒரு பார்ட்டிகிட்ட செக் வாங்கணும், திட்டு வேற.

ஞாயித்துக்கிழமைக்குள்ள எதாவது சொல்லு. 'உன் மனசு என்ன சொல்லுது'ன்னு மட்டும் கேக்காத, கடிச்சிடுவேன்.

அப்புறம் அவ நம்பர தனியா அனுப்புறேன். நீ பேசணும், நான் மட்டும் மன்னிப்பு கேட்டா பாதிதான் ஆவும். ரெண்டு மணிக்கு மேல கூப்பிடு, நாலுக்குள்ள. அப்ப பின்னாடி ரூம்ல இருப்பா.