தம்பி தங்கைகளின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், சங்கங்களில் முன்னின்று பணியாற்றும் தமிழ் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் மூத்த மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில், இந்நோய் உள்ளவர்களின் உடன்பிறந்தோரையும் சோதிக்க வழிசெய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முகாம்களில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், கொழுப்பைப் பற்றி எச்சரிக்கிறீர்கள். நம் மக்களுக்கு அவை அவசியம்தான். ஆனால் டைப் 1 சர்க்கரை நோயின் தொடக்கம் அந்தச் சோதனையில் அகப்படாது. நோய் வெளியே தெரிவதற்கு மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் முன்பே, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கான தடயம் இரத்தத்தில் இருக்கும் தன்னெதிர்ப்பொருள்கள், அதாவது உடல் தன் செல்களுக்கே எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள். அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளில் 10 பேருக்கு 7 பேர் 10 ஆண்டுகளுக்குள் நோயாளிகளாகிவிடுகிறார்கள். ஆனாலும் தொடக்கத்தில் அந்தக் குழந்தையின் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். ஓடும், விளையாடும், பள்ளிக்குப் போகும்.

நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முயலும் ஆய்வுகளுக்கு இந்தக் குழந்தைகள்தான் வேண்டும். டைப் 1 உள்ளவரின் உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 15 மடங்கு அதிகம். அதனால் ஆய்வாளர்கள் முதலில் தட்டுவது எங்களைப் போன்றவர்களின் கதவை. அப்படியும் 20 உறவினர்களைச் சோதித்தால் ஒருவரிடம்தான் தன்னெதிர்ப்பொருள் தென்படும்.

இதற்கு எத்தனை குடும்பங்கள் தேவைப்படுகின்றன என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய முதல் பெரிய தடுப்பு ஆய்வில், குறைந்த அளவு இன்சுலினை முன்கூட்டியே ஊசியாகப் போட்டால் நோய் தடுபடுமா என்று பார்த்தார்கள். 84,000க்கும் மேற்பட்ட உறவினர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் ஆய்வுக்குள் வந்தவர்கள் 339 பேர். 2002இல் முடிவு வெளியானது: பலன் இல்லை. அடுத்து இன்சுலினை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் நோயைத் தடுக்கவில்லை. அத்தனை குடும்பங்களின் உழைப்பும் வீண் என்று நான் நினைக்கவில்லை. நோய் எந்தப் படிகளில் வளர்கிறது, யாரை எப்போது சோதிக்க வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் சொல்ல முடிவதற்கு அவர்கள் கொடுத்த இரத்தமும் ஒரு காரணம்.

பிறகு, நோயைத் தள்ளிப்போடுமா என்று பார்க்க, டெப்லிசுமாப் என்னும் மருந்து வந்தது. டிரையல்நெட் அமைப்பு நடத்திய அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் மொத்தம் 76 பேர், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர். அந்த 76 பேரைச் சேர்க்க 2011 முதல் 2018 வரை ஆனது. 44 பேருக்கு 14 நாட்கள் தொடர்ந்து இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றப்பட்டது. 32 பேருக்கு மருந்தில்லாத போலித் திரவம். 2019இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் 2 ஆண்டுகளில் நோய் வந்திருந்தது. மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வர 4 ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பரில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இன்சுலின் ஊசி இல்லாத இரண்டு ஆண்டுகள் ஒரு 9 வயதுக் குழந்தைக்கு என்ன என்பதை, இரவு 2 மணிக்குச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் அலறி எழுந்து ஓடும் எந்தத் தாயும் சொல்வாள்.

அந்த 76 பேரில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். நம் குழந்தைகளின் உடலில் இதே மருந்து இதே அளவு வேலை செய்யுமா என்பதற்கான சான்று எங்கிருந்து வரும்? இந்த ஆய்வுகளுக்கு நாம் போனால்தான் வரும்.

ஏன் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொங்கல் விழாவில் பந்தி நடக்கும்போது கழிப்பறைக்குள் போய் இன்சுலின் போட்டுக்கொண்டு வரும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இருப்பதையே மறைக்கும் வீட்டில், இன்னொரு பிள்ளையின் இரத்தத்தைக் கொடுத்து அதற்கும் பெயர் வாங்கித் தர யார் துணிவார்கள்? இனிப்பைக் குறைத்திருந்தால் வந்திருக்காது என்று ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்களுக்குப் பதில் சொல்லவே பலருக்குத் தெம்பு இருப்பதில்லை. டைப் 1 இனிப்பால் வருவதன்று. இதைச் சங்க மேடையில் ஒரு தமிழ் மருத்துவர் ஒலிபெருக்கியில் சொன்னால், நாங்கள் நூறு முறை சொல்வதைவிட எடுபடும்.

ஆனால் ஆள் சேர்க்கும் ஆர்வத்தில் எதையும் மறைக்காதீர்கள். தன்னெதிர்ப்பொருள் இருப்பது தெரிந்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் சோதனை என்றால் என்ன என்பதைச் சொல்லுங்கள். இரவு முதல் வெறும் வயிறு. காலையில் கையில் ஊசிக்குழாய் பொருத்துவார்கள். திகட்டும் இனிப்பு நீரைச் சில நிமிடங்களில் குடித்து முடிக்க வேண்டும். பிறகு 2 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை இரத்தம். பள்ளிக்கு விடுப்பு, பெற்றோரில் ஒருவருக்கும் விடுப்பு. சில மாதங்கள் கழித்து மறுபடியும். ஆய்வில் சேர்ந்தாலும் மருந்து கிடைக்குமா, போலித் திரவமா என்பது குலுக்கலில்தான் முடிவாகும். மருந்து கிடைத்தாலும் தோலில் தடிப்பு வரலாம், வெள்ளணுக்கள் சிறிது காலம் குறையலாம். வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் விலகலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சையும் நிற்காது. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சோதனை செய்துகொள்வதால் நிச்சயமான ஒரு நன்மை உண்டு. முன்னெச்சரிக்கை இல்லாத வீடுகளில், குழந்தை மூச்சிரைத்து, வாந்தியெடுத்து, கீட்டோ அசிடோசிஸ் என்னும் ஆபத்தான நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போன பிறகே நோய் தெரிகிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாத குழந்தைகள் உட்பட 90,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். முன்கூட்டியே கண்டறியப்பட்ட குழந்தைகளில் அந்த நிலைக்குப் போனவர்கள் மிகச் சிலரே. இத்தாலி 2023இல் இத்தகைய சோதனைக்குச் சட்டமே இயற்றியிருக்கிறது.

கேட்கும் நேரமும் முக்கியம். நோய் தெரிந்த வாரத்தில், உணவில் உள்ள கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து) கணக்கு எழுதவே கை நடுங்கும் அம்மாவிடம் போய், இளைய பிள்ளையையும் சோதிக்கலாமா என்று கேட்காதீர்கள். சில மாதங்கள் போகட்டும். ஏற்கெனவே அந்தப் பாதையில் நடந்த இன்னொரு தாய் வந்து கேட்கட்டும். ஒப்புதல் படிவத்தில் உள்ளதை வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்க ஒருவர் இருக்கட்டும். பல வீடுகளில் பாட்டி தலையசைக்காமல் எதுவும் நடக்காது. இரத்தம் கொடுக்கப்போகும் பிள்ளையிடமும் அதற்குப் புரியும்படி பேசுங்கள். வேண்டாம் என்று அது சொன்னால் விட்டுவிடுங்கள்.

உங்கள் அடுத்த முகாமில் சர்க்கரை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட இடம் கேட்கிறேன். உள்ளூர்க் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வுக் குழுவை அழையுங்கள். பெயர் கொடுப்பவர்களின் பட்டியல் சங்கத்திடம் இருக்கவே கூடாது, அது ஆய்வுக் குழுவோடு போய்விட வேண்டும். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஜூலை மாத விழாவிலும் மருத்துவர்கள் இதற்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்கலாம். தேதி குறித்ததும் தெரிவியுங்கள். அந்த மேசையில் உட்கார்ந்து பேச நான் வருகிறேன். தானும் வருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
டைப் 1 சர்க்கரை நோயுள்ள பெண்ணின் தாய்,
நியூ ஜெர்சி