மாரிக்கு முன் எங்கள் கிணற்றைக் காக்க உதவுங்கள்

அன்பான ஊர் உறவுகளே, புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளே,

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறோம். மாரி தொடங்க ஆறு கிழமைதான் இருக்கிறது. கையில் உள்ள காசு போதவில்லை.

1977 கலவரத்தில் உடுத்த துணியோடு மலைநாட்டிலிருந்து வந்த எங்கள் பெரியோர், காடு வெட்டிக் குடியேறிய முதல் ஆண்டிலேயே தோண்டிய கிணறு இது. அலவாங்கும் மண்வெட்டியும்தான் அவர்களிடம் இருந்தன. பெண்கள் மண்ணைத் தலையில் சுமந்தார்கள். பதினெட்டு அடியில் பாறை மறித்தபோதும் விட்டுப் போகவில்லை. தண்ணீர் ஊறிய அன்று கிணற்றடியிலேயே பொங்கினார்கள். அவர்களில் மூவர் இன்றும் எம்மோடு இருக்கிறார்கள்.

தண்ணீர் கெட்டால் இடம்பெயர்ந்த சனத்துக்கு என்ன நேரும் என்பதை 2009 இல் மெனிக் பாம் முகாமில் கண்டோம். ஆவணி மழைக்கே மலக்குழிகள் நிரம்பின. வயிற்றோட்டம், செங்கண்மாரி, அம்மாள் வருத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊர் திரும்பியதோடு அந்தத் துயரம் முடிந்தது என்று நம்பினோம். ஆனால் இப்போது மழையின் போக்கே மாறிவிட்டது. 2016, 2017 வரட்சியில் கிணறு வற்ற, பவுசர் தண்ணீரைப் பீப்பாய்களில் சேர்த்துவைத்தோம். மூடாத பீப்பாய்களில் டெங்கு நுளம்பு பெருகியது. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. 2018 மார்கழியில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த நாட்களில், மலக்குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கலந்தன. அடுத்த கிழமை எங்கள் குழந்தைகள் வயிற்றோட்டத்தோடு கிடந்தார்கள்.

கிணற்றுக்கட்டை உயர்த்தி மூடியிட 4 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய். கிணற்றுக்கு 50 அடிக்குள் இருக்கும் 11 மலசலகூடங்களை மேட்டுக்கு மாற்ற 12 இலட்சத்து 10 ஆயிரம். வடிகாலுக்கு 2 இலட்சம். மொத்தம் 18 இலட்சத்து 40 ஆயிரம். சேர்ந்தது 11 இலட்சத்து 25 ஆயிரம். இன்னும் 7 இலட்சத்து 15 ஆயிரம் வேண்டும்.

சேர்ந்த காசு சும்மா வந்ததல்ல. அரிவு வெட்டிய ஒரு நாள் கூலியை அப்படியே தந்த இளைஞர்களுக்கும், சீட்டுக் காசை எங்களுக்கு விட்டுக்கொடுத்த மாதர் சங்கச் சகோதரிகளுக்கும், கனடாவிலிருந்து இரண்டு முறை அனுப்பிய அண்ணாவுக்கும், பாடசாலை வாசலில் கச்சான் விற்றுச் சேர்த்த 5,000 ரூபாயை முடிச்சவிழ்த்துத் தந்த அம்மாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

அந்த அம்மா தந்துவிட்டார். இந்தத் தண்ணீரில் வளர்ந்து இன்று நல்ல நிலையில் இருக்கும் சிலர் எங்கள் அழைப்பை இன்னும் எடுக்கவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

செப்டெம்பர் 30க்குள் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். காசு இல்லாதவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு கிணற்றடிக்கு வாருங்கள். வடிகால் வெட்ட ஆள் வேண்டும்.

கிணற்றுப் புனரமைப்புக் குழுவினர்