ஓக் பெட்டிக்குள் ஒரு கப்பல் கூட்டம்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா, இல்லை வழக்கம்போல நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரை ஏமாற்றுகிறாயா? சுமதி என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள், அதனால் பொய் எழுதாதே. ராகவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. வர முடியாதுடி. மொய்ப் பணத்தை உனக்கு அனுப்புகிறேன், என் பெயரில் நீயே எழுதிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தா போய்விட்டார். அருண் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு ஓடுவானே, அந்தப் பொம்மைத் தாத்தாதான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது. பாட்டி வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போகிறார். அங்கே ஒரே ஒரு அறைதான். "அவருடைய கடற்கொள்ளைக்காரர்களை நீதான் பிரித்துக் கொடுக்க வேண்டும், வேறு யாரையும் நம்ப மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து என் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு கிடையாது. எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம்.

பொம்மை என்றதும் நீ பெரிதாக எதையோ நினைத்துவிடாதே. ஓர் ஆள் 28 மில்லிமீட்டர்தான், உன் கட்டைவிரலின் பாதி. உலோகத்தில் வார்த்து, பெயிண்ட் அடித்து, மேசையில் கப்பலும் துறைமுகமும் அடுக்கி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். இங்கிலாந்தில் எங்கள் நாட்டிங்ஹாம்தான் இதற்குத் தலைநகரம் மாதிரி. பெரிய கம்பெனி இந்த ஊரிலேயே லெண்டன் என்ற பகுதியில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பெனிகளும், பொம்மை செதுக்குகிற கலைஞர்களும் இந்த வட்டாரம் முழுக்க உண்டு. மைக்கேல் பெரி என்று ஒருவர், இரட்டையரில் ஒருவர், 1996-ல் பிரான்ஸில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும்போது பீரங்கி வெடித்து வலது கையை இழந்தவர். இடது கையால் செதுக்கப் பழகி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார். தாத்தா அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

தாத்தா ஒவ்வோர் ஆளையும் இரண்டு பென்ஸ் காசு ஒன்றின்மேல் ஒட்டியிருக்கிறார். கனமாக இருக்கும், மேசையில் சாயாது. காசின் அடியில் துண்டுத் தாள் ஒட்டி, அந்த ஆள் யார் என்று பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். காசின் வருஷம் அந்தத் தாளுக்கு அடியில் மறைந்துவிட்டது. பழையது எது, புதியது எது என்று எப்படிப் பிரிப்பது? அருண்தான் போனில் வழி சொன்னான். 1992 செப்டம்பரிலிருந்து இந்தக் காசை வெண்கலத்துக்குப் பதிலாகத் தாமிர முலாம் பூசிய எஃகில் அடிக்கிறார்களாம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். ஒட்டாதவை அநேகமாகப் பழையவை. பழைய வார்ப்புகளில் ஈயம் அதிகம் என்பதால் அவற்றைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், வசந்தி. வாடகைக்கு காமிக்ஸ் வாங்கிப் படித்த காலத்தில், கொள்ளைக்காரன் என்றால் ஒற்றைக் கண்ணும் கட்டைக் காலும் தோளில் கிளியும் என்று நீ ஸ்லேட்டில் வரைவாயே. தாத்தாவின் கூட்டத்தில் ஒரு கிளி கூடக் கிடையாது. வார்ப்பில் வந்த கிளிகளை எல்லாம் அரம் வைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறார். ஆன் போனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் கொள்ளைக் கப்பலில் இருந்தார்கள், 1720-ல் ஜமைக்காவில் விசாரணை நடந்தது. கடைகளில் அவர்களை எப்படி விற்கிறார்கள் தெரியுமா? பாதி உடம்பு தெரிகிற ரவிக்கையோடு. தாத்தா எபாக்ஸி மாவைப் பிசைந்து அதை எல்லாம் மூடி, ஆண்களின் கோட்டும் நீளக் கால்சட்டையும் செய்து, தலையில் கைக்குட்டை கட்டி, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும் கொடுத்திருக்கிறார். அவர்களிடம் மாட்டிக்கொண்ட டோரதி தாமஸ் என்ற பெண் கோர்ட்டில் சொன்ன சாட்சியம் அப்படியே அதுதான். அடியில் எழுதியிருக்கிறார்: "டோரதி பார்த்தபடி."

பெட்டியில் பாதிக்கு மேல் ஒரே கப்பலின் ஆட்கள். விடா என்று பெயர், 1715-ல் லண்டனில் கட்டிய அடிமை வியாபாரக் கப்பல். அடிமைகளை ஜமைக்காவில் விற்றுவிட்டுத் திரும்பும்போது, 1717 பிப்ரவரியில் சாம் பெல்லமி என்ற கொள்ளைக்காரன் அதைப் பிடித்துத் தன் கப்பலாக்கிக்கொண்டான். இரண்டே மாதம்தான். ஏப்ரல் 26 ராத்திரி, அமெரிக்காவில் கேப் காட் கரையருகே புயலில் மாட்டி உடைந்தது. கப்பலில் கிட்டத்தட்ட நூற்றைம்பது பேர். கரைக்கு உயிரோடு வந்தது இரண்டே பேர். உடைந்த கப்பலை 1984-ல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் பெயர் பொறித்த மணியும் கிடைத்தது. அதிலிருந்தே தாத்தாவுக்கு இந்தக் கப்பல்மேல் பைத்தியம்.

உயிர் தப்பிய இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். தாமஸ் டேவிஸ் என்ற தச்சன், கோர்ட்டில் அவனை விடுவித்துவிட்டார்கள். இன்னொருவன் ஜான் ஜூலியன், மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்துப் பையன், கப்பலுக்கு வழிகாட்டி. அவன்மேல் வழக்குகூட நடக்கவில்லை, அடிமையாக விற்றுவிட்டதாகத்தான் தெரிகிறது. தாத்தா அவன் முகத்துக்கு எத்தனை தடவை பழுப்பு நிறம் கலந்து பார்த்தாரோ! கப்பலில் ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள் என்பதற்காக, வாங்கிய வார்ப்புகளில் பலவற்றின் தலையையே மாற்றிப் பொருத்தியிருக்கிறார்.

அப்புறம் ஒரு குட்டிப் பையன். மற்றவர்களின் இடுப்பு உயரம்தான். பெயர் ஜான் கிங். 1716-ல் பெல்லமி பிடித்த ஒரு கப்பலில் அம்மாவோடு பயணம் செய்துகொண்டிருந்தவன், என்னையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் செத்துப்போவேன் என்று மிரட்டி, கொள்ளைக்காரர்களோடு போய்விட்டான். கடலிலிருந்து எடுத்ததில் ஒரு சின்ன ஷூ, ஒரு பட்டுக் காலுறை, ஒரு கால் எலும்பு. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் ஒரு குழந்தையுடையது என்று 2006-ல் சொன்னார்கள். அந்தப் பையனின் காலுறையைத் தாத்தா பளபளப்பான வார்னிஷால் தனியாகத் தொட்டிருக்கிறார், பட்டு என்று தெரிவதற்காக. மற்ற எல்லாரும் மேட் வார்னிஷ். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

விற்பது என்றால் எப்படி விற்பார்கள் என்று விசாரித்தேன். நியூவார்க்கில் பார்ட்டிசான் என்று வருஷா வருஷம் ஒரு கண்காட்சி நடக்கும், பழைய பொம்மைகளைக் கொண்டுபோய் விற்கலாம். இல்லாவிட்டால் இணையத்தில் ஏலம். இரண்டிலும் முதலில் போவது கேப்டன்களும் பெண்களும்தான். பிறகு பீரங்கிக்காரர்கள். சாதாரண மாலுமிகள் மொத்தமாக ஒரு பையில் கட்டி, கிலோ கணக்கு மாதிரி போவார்கள். மொத்தத்தையும் வாங்க ஒருவர் வந்தார், நல்ல மனிதர்தான். வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டெட்டாலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் பெயிண்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, தன் விருப்பப்படி அடிப்பாராம். இங்கே எல்லாரும் செய்வதுதான், அவர்மேல் குற்றமில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. டெட்டாலில் முக்கினால் அடியில் இருக்கிற தாளும் போய்விடும், வசந்தி. பெயரே இல்லாமல் போய்விடுவார்கள். உன் வீட்டுக் கொலுவில் தசாவதாரத்திலிருந்து வராகத்தை மட்டும் யாராவது விலைக்குக் கேட்டால் கொடுப்பாயா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இதற்குள் இன்னொரு தலைவலி. தாத்தாவின் நண்பர்கள் யாரோ, கொள்ளைக்காரர்களின் புதையல் பெட்டி மாதிரியே ஓக் மரத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் ஈயத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஓக்கிலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்ல வந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். காந்தத்தில் ஒட்டாதவற்றைத் தனியாகப் பிரித்தேன் என்றேனே, அவற்றில் சிலவற்றின் கணுக்காலில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்திருந்தது. ஊசியால் தொட்டால் மாவு மாதிரிப் பொடி. அது விஷம், ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு ஈரத் துணியால்தான் துடைத்தேன். முற்றியதைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றை பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்டு வைத்துவிட்டேன். புதிய காசுக்காரர்களுக்குக் கவலையில்லை, டப்பாவின் அடியில் காந்தத் தாள் விரித்தால் அப்படியே நிற்பார்கள், வாள்முனை வளையாது. பழைய காசுக்காரர்களை ஸ்பாஞ்சில் குழி வெட்டி நிற்க வைக்க வேண்டும். தாத்தா விளையாடப் போகிற சங்கத்தில், நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று ஆசையாகச் சொன்னார்கள். அவர்களுடைய அலமாரி எம்டிஎஃப் பலகை, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்வது. அதிலிருந்தும் அமில ஆவி வரும். உலோக அலமாரி வாங்கினால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடித்தட்டில் கடைசியாக ஒரு டப்பா இருந்தது. கறுப்பு அண்டர்கோட் மட்டும் அடித்து, பெயிண்ட்டே போடாத ஆட்கள். மூடியில், "எவரியின் ஆட்கள். முடியாது." என்று எழுதியிருந்தது. ஹென்றி எவரி 1695-ல் அவுரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைப் பிடித்தவன். ஹஜ் முடித்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல். அதிலிருந்த பெண்களுக்கு அவர்கள் செய்த கொடுமையை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. சிலர் மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டார்கள். எவரி கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபட்டவர்களில் சிலரை 1696-ல் லண்டனில் தூக்கில் போட்டார்கள்.

இவர்களை வைத்து விளையாடுவதே சரியா என்று அந்த ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடற்கொள்ளைக்காரர்கள் வாக்குப் போட்டுக் கேப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள், காயம்பட்டவனுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள் என்று புகழ்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். அவர்களோடு அறுவை வைத்தியராகப் போன எக்ஸ்குவமெலின் 1678-லேயே எழுதி வைத்திருக்கிறார்: வலது கை போனால் 600 வெள்ளி, அல்லது ஆறு அடிமைகள். அந்த "அல்லது"க்குப் பின்னால் வருவதைத் தாத்தா ஒரு தாளில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர் இவர்களை நல்லவர்கள் என்று நினைக்கவில்லை. யார் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று ஒருவர் விடாமல் தெரிந்துகொள்ள நினைத்தார். அதனால்தான் இது உடையக் கூடாது என்கிறேன்.

என் முடிவு இது. விடா கப்பல் கூட்டமும் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தே இருக்க வேண்டும், தாள்களோடு. சங்கம் உலோக அலமாரி வாங்கும்வரை என் வீட்டில் இருக்கட்டும். மற்றக் கப்பல்களும் கோட்டையும் வீடுகளும் பார்ட்டிசானுக்குப் போகட்டும், அந்தப் பணம் பாட்டிக்கு. எவரி டப்பாவை விற்க மாட்டேன். "எல்லாவற்றையும் வித்துடும்மா, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்" என்கிறான் அருண். வளர்த்த தாத்தா! கோபத்தில் போனை வைத்துவிட்டேன், பிறகு நானே கூப்பிட்டேன்.

உன்னிடம் இரண்டு கேள்வி. பெரியம்மா காலத்துக் கொலு பொம்மைகளுக்கு மயிலாப்பூர்க்காரர் ஒருவர் வந்து டச்சப் செய்வாரே, பழைய வார்னிஷ்மேல் புதிய வார்னிஷ் அடிப்பதற்கு முன் எதைக் கொண்டு துடைத்தார் என்று கேட்டுச் சொல். இன்னொன்று, தாத்தாவின் பென்சில் எழுத்து மங்குகிறது. நான் பிரதி எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அது போதுமா, இல்லை தாள்மேலேயே ஏதாவது பூச வேண்டுமா? நூலகத்தில் ஓலைச்சுவடிகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நீ, உனக்குத் தெரியாததா. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்கிறார்கள், அதனால் கடிதம் எல்லாம் வேண்டாம், இதைப் படித்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
மீனா