அப்பத்தா தெருவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாக் கரைப் பெரியவர்களுக்கும், பெயர் தெரியாமலே கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம் இரண்டாவது வாரம், மண்டபம் பக்கத்து நம் ஊரில் ஆறு பிள்ளைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினேனே, அந்தப் பெண்தான் எழுதுகிறேன். கடைசி ஓட்டு வீட்டின் மூத்த பேத்தி. ஊர் திரும்பிய அன்றே எழுதியிருக்க வேண்டும், வேலைக்குப் போனதும் நாள் ஓடிவிட்டது. ஆனால் உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது அப்பத்தாதான். போன வருஷம் மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் குத்தவைத்து உட்கார முடியாது. அப்பத்தாவின் வீட்டுக்காரர் ஐயாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். "தண்ணி தூக்க ஆளில்ல. கடலுக்கு ஓடுற பிள்ளைய எட்டிப் பிடிக்க எனக்குக் காலில்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று போனில் அழுதார். திண்ணையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா போனை வாங்கி, "நீ கூட்டிட்டு வாத்தா. நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார்.

பெரியம்மா, நீங்கள் அன்றைக்கு அந்தப் போனை வாங்கியிருக்காவிட்டால் நாங்கள் வந்திருக்கவே மாட்டோம்.

ஆறு பேரில் சித்தப்பா பிள்ளைகள் மூன்று, அத்தைமார் பிள்ளைகள் மூன்று. கடைக்குட்டிக்கு ஐந்து வயது, பெரியவனுக்குப் பன்னிரண்டு. அவர்களில் பாதிப்பேருக்கு அவர் அப்பத்தா, பாதிப்பேருக்கு அம்மாச்சி. எல்லோருமே அடுக்குமாடியில் வளர்கிறவர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இந்த உப்புக்காற்றில் எப்படிச் சமாளிக்கப் போகிறார்களோ என்று எனக்குள்ளும் பயம் இருந்தது.

நம் பக்கத்தில் எதுவுமே தண்ணீரில் இருந்துதான் தொடங்கும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு, குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பது போதும். ஒன்பது பேருக்கு எங்கே போவது? முதல் நாள் காலையில் வாசல் கதவைத் திறந்தேன். படியோரம் எட்டுக் குடம் வரிசையாக நின்றது. பச்சை, ஊதா, ஆரஞ்சு, எல்லாம் தளும்பத் தளும்ப. யார் வைத்தது என்று அப்பத்தாவுக்கும் தெரியவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாலரைக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தேன். இருட்டுக்குள் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு வந்தது. மூன்று வீட்டு அக்காமார், தங்கள் வீட்டுக்கு எடுக்கும்போதே எங்களுக்கும் சேர்த்து ஊற்றில் இருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். "சத்தம் போடாத, பிள்ளைங்க தூங்கட்டும்" என்று என்னிடமே சொன்னார்கள்.

அடுத்த நாள் பெரிய பிள்ளைகள் மூவரையும் ஊற்றுக்குக் கூட்டிப் போனார்கள். கடலில் இருந்து கூப்பிடு தூரம்தான். மணலில் இடுப்பளவுக்கு ஒரு குழி, அடியில் ஒரு சாண் தண்ணீர். சிரட்டையால் அலுங்காமல் மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றினார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறைய வருமே என்று அத்தை மகன் கேட்டான். "மழைத்தண்ணி மேல நிக்குது சாமி, அதுக்குக் கீழ கடல் தண்ணி. ஆழமாப் போனா உப்பு ஏறிப்போகும். ஊறுற வரைக்கும் பொறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் அக்கா. அவன் சிரட்டையோடு வாய்வைத்துக் குடித்துவிட்டு, திரும்பிக் கடலைப் பார்த்தான். அப்புறம் ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் பல் தேய்க்க ஒரு சொம்புக்கு மேல் அவன் தண்ணீர் எடுக்கவில்லை.

கரைவலை இழுத்த அண்ணன்மாருக்கு அடுத்த நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் கரைவலையும்தான் அப்போது ஓடும். நாலு காசு பார்க்கிற அந்த நேரத்தில், கயிற்றுக்கு இடையே ஆறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டீர்கள். உண்மையில் அவர்கள் இழுத்ததைவிட உங்கள் காலில் இடறி விழுந்ததுதான் அதிகம். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுத்து, பிள்ளைகள் வாயிலும் 'ஏலேலோ' வரவைத்தீர்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்ததும் காரல், சூடை, நகரை, நடுவே இரண்டு கணவாய் என்று ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிப் பெயர் சொன்னீர்கள். கடைசியில் ஆளுக்கொரு கைப்பிடி, "இழுத்தவனுக்குக் கறிக்கு மீன் உண்டு" என்று பங்கு பிரித்துக் கொடுத்தீர்கள். கடைக்குட்டி தன் பங்கைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு, ஒரு காரல்கூடக் கீழே விழாமல் வீடுவரை நடந்து வந்தாள். அன்றைக்கு அப்பத்தா வைத்த குழம்பில் தன் மீன் எது என்று தேடித் தேடித் தின்றாள்.

இனி அந்த நாலாம் நாள் சாயங்காலம்.

பிள்ளைகளைக் கடலில் இறக்கும்போதெல்லாம் கூடவே இருந்தது கடல்பாசி எடுக்கும் அக்கா. தடைக்காலத்தில் 45 நாள் பாசிக்குப் போகாமல் அது வளரட்டும் என்று விட்டுவைப்பது அந்த அக்காமார் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஓய்வாகக் கிடைத்த அந்த நாட்களை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தான் முங்கும்போது போடும் கண்ணாடியைக் கொடுத்து, தண்ணீருக்குள் கடல்தாழைப் புல் ஆடுவதைக் காட்டினார். நம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், முழங்கால் தண்ணீரிலேயே வெகுதூரம் நடக்கலாம். அப்படி நடந்துகொண்டிருந்த பெரியவன்தான் ஒரே அலறலாக அலறினான்.

குதிகாலுக்கு மேலே ஒரு கிழிசல். ரத்தம் தண்ணீரில் புகை மாதிரி பரவியது. பாம்போ என்னவோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா அவனை அப்படியே அள்ளிக்கொண்டார். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த தாத்தா ஓடி வந்து காயத்தைப் பார்த்தார். "திருக்கை. பயப்படாத. சுடுதண்ணி, சுடுதண்ணி" என்றார். டீக்கடை அண்ணன் போட்ட டீயை அப்படியே வைத்துவிட்டு பாய்லர் தண்ணீரை வாளியில் பிடித்தார். பச்சைத் தண்ணீர் விளாவி, தாத்தா தன் முழங்கையை விட்டுப் பார்த்தார். வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும், அதனால் பெரியவர்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே காலை உள்ளே இறக்கினார். திருக்கை முள்ளின் விஷம் சூட்டுக்கு முறியும். ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்த்து முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் டீக்கடையில் வியாபாரம் நடக்கவில்லை. பையனின் அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்று, "கொஞ்சம் பரவாயில்ல தாத்தா" என்று அவன் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முள் உள்ளே ஒடிந்து நின்றிருக்கலாம், ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும் என்று தாத்தாதான் கண்டிப்பாகச் சொன்னார். ஆட்டோ அண்ணன் ஏற்றிப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைத் துருவிப் பார்த்துச் சுத்தம் செய்து, தடுப்பூசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்த செவிலியர் அக்கா பையனிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டே ஊசி போட்டதை அவன் இன்னும் சொல்கிறான். வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்த ஆட்டோ அண்ணன், காசை நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அப்பத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பயந்தபடியே நடந்துவிட்டதே என்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாவும் கீழவீட்டு மதினியும் பாயைப் போட்டு அன்று ராத்திரி முழுக்க அவர் பக்கத்திலேயே படுத்தார்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. காலையில் அப்பத்தா எழுந்து, பையனுக்குத் தன் கையால் கஞ்சி கரைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வலைக்காரத் தாத்தா எங்கள் வாசலுக்கு வந்தார். "பிள்ளைங்க கடலப் பார்த்துப் பயந்துபோய் ஊருக்குப் போகக்கூடாது, அனுப்புங்க" என்றார். ஐந்து பேரைக் கைகோத்து வரிசையாக நிறுத்தி, முழங்கால் தண்ணீரில் நடக்கச் சொல்லிக் கொடுத்தார். "காலத் தூக்கி வைக்காத. மண்ணோட தேய்ச்சுத் தேய்ச்சு நட. திருக்கை மண்ணுக்குள்ள படுத்திருக்கும். நீ வர்ற அதிர்வு கேட்டா அது தன்னால விலகிப் போயிரும். அது உன்னத் தேடி வந்து குத்தல, நீ மிதிச்சதுக்குக் குத்துச்சு." கட்டுப்போட்ட பெரியவன் கரையில் இருந்து பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில், யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பத்தா. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கடற்கரைக்கு வந்தது அன்றுதான். அலை வந்து பாதத்தை நனைத்தபோது காலை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியைத் தூக்கி வந்தது யார் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும், உங்களுக்குத்தான் என் முதல் கும்பிடு.

ஆறாம் நாள் ராமேஸ்வரம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனதால், சின்னப் பிள்ளைகள் யாருக்கும் கடல்மேல் ரயிலில் போன ஞாபகம் இல்லை. புதுப் பாலம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இருவர், பிள்ளைகளைப் பார்த்ததும் சொல்லாமலே எழுந்து இடம் கொடுத்தார்கள். கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே ஏறும் தூக்குப் பாலத்தையும், பக்கத்திலேயே நின்ற 1914ஆம் வருஷத்துப் பழைய பாலத்தையும் ஒருசேரக் காட்டினார்கள்.

அங்கிருந்து வேன்காரத் தம்பி ஐயாவையும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனார். 1964 டிசம்பர் புயலில் ஐயாவுக்குப் பதினோரு வயது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அத்தை அந்த ராத்திரிக்குப் பிறகு திரும்பவில்லை. அதைப் பற்றி வீட்டில் அவர் பேசி நாங்கள் கேட்டதே கிடையாது. இடிந்த சர்ச் பக்கம் சங்கு, சிப்பி விற்கும் ஒரு அம்மா, ஐயா தடுமாறுவதைப் பார்த்துத் தன் பெட்டியை ஒதுக்கி நிழலில் உட்காரவைத்து, "எந்த ஊரு ஐயா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஐயா அரை மணி நேரம் பதில் சொன்னார். ஆறு பிள்ளைகளும் மணலில் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அம்மா, உங்கள் பேர் தெரியாது. நீங்கள் அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டுக் காது கொடுத்தீர்கள்.

தினமும் பத்து மணிக்கு நுங்கு சீவிக் கொடுத்த பனையேறி மாமாவுக்கும், கீழக்கரையில் இருந்து தொதல் இனிப்பு வரவழைத்துக் கொடுத்த கடைக்காரப் பாய்க்கும், கரண்ட் போன இரவுகளில் பிள்ளைகளைத் தன் மொட்டைமாடியில் படுக்கவைத்த மாமா அத்தைக்கும் நன்றி. காயம் நன்றாக ஆறிவிட்டது, பையன் மறுபடி பந்து விளையாடுகிறான் என்று வலைக்காரத் தாத்தாவிடம் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று. எட்டுக் குடத்தில் ஏழு குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சைக் குடம் ஒன்று, வாயோரம் தீயில் லேசாக உருகியது, எங்கள் திண்ணையிலேயே இருக்கிறது. உங்களுடையதாக இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் போனதில் இருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று அப்பத்தா சொல்கிறார்.

அன்புடன்,
கடைசி ஓட்டு வீட்டு மூத்த பேத்தி