விண்வெளி நிலையத்தில் வேலைநிறுத்தம்: மகளுக்கு ஒரு கடிதம்

பெரம்பூர்

அன்புள்ள கயல்,

உன் வெப் சீரிஸின் மூன்றாம் எபிசோடைப் படித்தேன். காற்றுச் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்துகிறார்கள், கேப்டன் பேசுகிறார், நிர்வாகம் மனம் மாறுகிறது. கதை கழன்றுபோவது அங்கேதான். யாருக்கும் எதுவும் பறிபோகவில்லையே அம்மா. நியாயத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று காட்டாதவரை அது வெறும் மேடைப் பேச்சு.

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1996இல் வந்த 'பார் அசோசியேஷன்' எபிசோடைப் பார். குவார்க்கின் மதுக்கடையில் அவன் தம்பி ரோம் வேலை செய்கிறான். காதில் தொற்று வந்தாலும் லீவு கிடையாது. சங்கம் தொடங்குகிறான், அவர்களுடைய வேற்றுக்கிரக இனத்தில் அதுவே சட்டவிரோதம். குவார்க் வெறும் வில்லன் இல்லை, சங்கத்தை ஏற்றால் அவன் அரசாங்கமே அவனை ஒழித்துவிடும். சங்கத்தை மிரட்ட வந்த அடியாட்கள் அடித்து நொறுக்குவதும் முதலாளியான அவனைத்தான். கடைசியில் கோரிக்கைகள் அத்தனையும் கிடைக்கின்றன, ஆனால் சங்கம் கலைந்துவிட்டதாக ஊருக்குச் சொல்ல வேண்டும். வெளியில் சொல்ல முடியாத வெற்றி அது.

அதைவிடக் கூர்மையானது 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் 2007இல் வந்த 'டர்ட்டி ஹேண்ட்ஸ்'. எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் வேலை செய்பவர்களுக்கு விடிவே இல்லை. பெற்றோர் செய்ததையே பிள்ளைகளும் செய்ய வேண்டிய நிலை. கோடையில் வயலில் வேலை பார்த்தவன் என்பதற்காகவே ஒரு பையனைக் கட்டாய வேலைக்கு இழுக்கிறார்கள். குலத்தொழிலை எதிர்த்துப் போராடிய மண்ணில் பிறந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர் தலைவன் டைரல் வேலைநிறுத்தம் அறிவித்ததும், தொடர் முழுக்க நாம் மதிக்கும் போர்க்கப்பல் தளபதி அடாமா, டைரலின் மனைவியைச் சுட்டுவிடுவதாக மிரட்டுகிறார். போர்க்கப்பலில் கட்டளை மீறல் கலகம் என்பது அவர் வாதம். அவரை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. உன் கேப்டனிடம் இல்லாதது இதுதான்.

இன்னொரு குறை: உன் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இதே பெரம்பூரில். 1921 வேலைநிறுத்தத்திலோ ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. உன் நிலையத்திலும் அப்படி ஒரு பிளவு வேண்டும். வேலைக்குப் போகிறவரைத் துரோகி என்று எழுதித் தள்ளிவிடாதே. அந்தச் சங்கத்தில் அவருக்கு என்ன மரியாதை இருந்தது என்பதை முதலில் எழுது.

காற்றுக் கணக்கும் தப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். அவர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய ஒரு கிலோ. மூடிய இடத்தில் ஆக்ஸிஜன் தீர்வதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். 300 பேர் என்றால் தினம் 300 கிலோவை வடிகட்ட வேண்டும். வடிகட்டி நின்றால் யாரும் சட்டென்று மூச்சுத் திணறி விழமாட்டார்கள். முதலில் தலைவலி, பிறகு சோர்வு, கவனம் சிதறும், சின்னக் கணக்கிலும் பிழை வரும். பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பும் அந்த மந்தத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். எடையில்லா இடத்தில் காற்று தானாக மேலே கீழே போகாது. விசிறி நின்றால் தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தருகிலேயே தேங்கும். அதனால் முதலில் அடிபடுவது தூங்கும் அறைகள். சங்கம் அங்கே மட்டும் விசிறியை ஓட விடுமா? விட்டால் நிர்வாகத்துக்கு அவசரமே இருக்காது. விடாவிட்டால் சாகப்போவது அவர்கள் பிள்ளைகளே. எபிசோடின் நடு முடிச்சு இங்கே விழட்டும்.

தீர்ப்புக் காட்சிக்கு 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' (1989) உதவும். டேட்டா என்ற ஆண்ட்ராய்டு ஒரு சொத்தா என்று வழக்கு. எதிர்த்து வாதாட வைக்கப்படுவது நண்பன் ரைக்கர். அவன் மறுத்தால் டேட்டா உடனே தோற்றுவிடும். எனவே மன்றத்தில் அவனே டேட்டாவின் கையைக் கழற்றி மேசையில் வைக்கிறான், சுவிட்சையும் அணைக்கிறான். டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று நீதிபதி சொல்லவில்லை. அது சொத்தல்ல, தன் முடிவைத் தானே எடுக்கலாம், அவ்வளவுதான் தீர்ப்பு. உன் தீர்ப்பும் அந்த அளவில் நிற்கட்டும்.

கேப்டனின் நாலு பக்கப் பேச்சை நாலு வரியாக்கு. மிச்ச இடத்தை வடிகட்டி அறைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அப்பா