தாய்மார்களிடம் கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி ஆய்வாளரை மதிப்பிடுகிறார்கள். சரி, பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஆலிஸ் ஸ்டூவர்ட்டை எப்படி அளப்பது? புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த இங்கிலாந்துத் தாய்மார்களிடம் அவர் குழு பொறுமையாக விவரம் கேட்டது. கர்ப்பத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்திருந்தால் பிள்ளைக்குப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று 1956-இலும், விரிவாக 1958-இலும் எழுதினார். பலர் நம்பவில்லை. 1962-இல் அமெரிக்காவில் பிரையன் மக்மேகனின் ஆய்வும் ஆபத்து கூடுவதையே காட்டியது. இன்று எக்ஸ்ரே அறை வாசலில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லவும்' என்று பலகை தொங்குகிறதே, என்னைப் பொறுத்தவரை அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய மேற்கோள்.

எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, "நான் என்ன தப்புச் செஞ்சேன்?" என்று அவன் அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் காரணம் தேட முதலில் கணக்கு வேண்டும். தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு 2012-இல் தொடங்கியது. அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வைத்தியத்துக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நம் மாவட்டக் கணக்கில் விடுபடாமல் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை