நன்றி நவிலல்: எங்கள் அம்மாவுக்காக வந்து நின்ற அனைவருக்கும்

இணுவிலைப் பிறப்பிடமாகவும் வாழ்விடமாகவும் கொண்டிருந்த எங்கள் அன்னையார் தமது 94 ஆவது வயதில் சிவபதமடைந்த செய்தி கேட்டு, நேரில் வந்தும், தொலைபேசியில் அழைத்தும், மலர்வளையம் சாத்தியும், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் ஒட்டியும் எங்கள் துயரில் பங்குகொண்ட உற்றார், உறவினர், அயலவர், நண்பர்கள் அனைவருக்கும் குடும்பத்தினர் சார்பில் எமது உளமார்ந்த நன்றி. 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வழக்கமாக வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலை நாங்கள் அச்சிடப் போவதில்லை. ஊரில் யாருடைய கல்வெட்டு வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்துவிட்டு, "செத்தாப் பிறகு எல்லாரும் உத்தமிதான்" என்று சிரிக்கிறவர் அம்மா. தம்மைப் பற்றி ஒருவரும் பாட்டுக் கட்ட வேண்டாம், வந்த ஆட்களுக்கு ஒழுங்காக நன்றி சொன்னால் போதும் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இம்மடலை எழுதுகிறோம்.

அவர் பிறந்தது 1931 இல். இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணக் குடாநாடு அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்துவிட்டது. "கிடைச்ச உடனையே வேண்டாம் எண்டு சொன்ன ஊரிலை பிறந்தவள்" என்று அப்பா கேலி செய்வாராம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமான பின்னர், துலா மிதித்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த காலத்திலிருந்து தண்ணீர்ப் பம்பிகள் வந்த காலம் வரைக்கும் அப்பாவோடு தோட்டத்தில் நின்றார். பிள்ளைகளாகிய எங்கள் படிப்புச் செலவு முழுவதும் அந்தச் செம்மண்ணிலிருந்தும், சுன்னாகம் சந்தைக்குப் போன வெங்காயத்திலிருந்தும் வந்ததென்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். அந்நாட்களில் இறைப்புக்கும் அறுவடைக்கும் கூலி பேசாமல் முறைக்கு முறை வந்து கைகொடுத்த அயல் தோட்டக்காரர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இந்த நன்றியைத் தங்கள் பெற்றோருக்குரியதாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

செத்தவீட்டுக்கு இவ்வளவு சனம் வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமலும் இல்லை. காலையில் பத்திரிகை வந்ததும் அம்மா முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். ஈழநாடு வந்த நாட்களிலும் அப்படி, பின்னர் உதயன் வந்த நாட்களிலும் அப்படி. யார் எவர், எந்த வழியில் சொந்தம், கிரியை எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, போக வேண்டிய வீடென்றால் அதன் பிறகே தேத்தண்ணீர் குடிப்பார். 1990 இன் பின் மின்சாரமும் இல்லை, பற்றரியும் குடாநாட்டுக்குள் வரத் தடை என்றிருந்த ஆண்டுகளில், சைக்கிளைச் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, பேரப்பிள்ளைகளைப் பெடலை மிதிக்க வைத்து இலங்கை வானொலி கேட்டோம். செய்தி முடிந்ததும் பையன்கள் இறங்கிவிடப் பார்ப்பார்கள். "மரண அறிவித்தல் முடியுமட்டும் மிதியடா" என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். அவர் போய்வந்த வீடுகளின் ஆட்களே அன்று எங்கள் முற்றத்தில் நிறைந்திருந்தார்கள்.

தென்மராட்சியில் மீசாலையிலுள்ள அந்தக் குடும்பத்தாருக்கு எவ்வாறு நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி எங்கள் ஊர் உள்ளிட்ட வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடியும் போலிருந்த அந்த மழை இரவில், அம்மாவிடம் இருந்தவை காணி உறுதிகள் வைத்த தகரப் பெட்டியும், சைக்கிள் கரியரில் கட்டிய விதைவெங்காயச் சாக்கும்தான். முன்பின் அறியாத எங்களுக்குத் தங்கள் வீட்டு விறாந்தையைக் கொடுத்து, கிணற்றையும் அடுப்பையும் பொதுவாக்கி, அடுத்த சித்திரை கழிந்து நாங்கள் ஊர் திரும்பும்வரை அவர்கள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வாடகை என்ற பேச்சை எடுத்ததற்காக அந்த வீட்டு அம்மா எங்கள் அம்மாவோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார். 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு இராணுவ முகாம் வீழ்ந்து சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது அதே குடும்பம் இணுவிலுக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தது. கணக்குச் சரியாகிவிட்டதென்று யாரோ சொன்னபோது அம்மாவுக்குக் கடுமையான கோபம் வந்தது. அவர்கள் எங்களுக்கு இடம் தந்தபோது நாங்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, நாங்கள் இடம் கொடுத்தபோது எங்களுக்கு அவர்களைத் தெரியும், இரண்டும் ஒன்றாகாது என்றார். அவ்வீட்டுப் பிள்ளைகள் செய்தி கேட்ட அன்றிரவே வந்து, பந்தற்காலில் ஒன்றைத் தாங்களும் நாட்டி, கடைசிவரை நின்று போனார்கள்.

இறுதி மாதங்களில் அம்மாவைப் பராமரித்த யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் சிற்றூழியர்களுக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். தலை கலைந்திருக்க வைத்தியரின் முன் இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த கிழவிக்கு, இரவு வேலை முடித்து வீடு போகிற அவசரத்திலும் சீப்பெடுத்து வாரிக் கொண்டை போட்டுவிட்ட தாதிப்பிள்ளையின் முகம் எங்களுக்கு மறக்காது. வீட்டுக்கு வந்த பின்னர் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைப் பழக்கிய தாதி உத்தியோகத்தருக்கும், இரவு எந்நேரம் அழைத்தாலும் ஓட்டோவோடு படலையில் நின்ற அயல்வீட்டுத் தம்பிக்கும், பதிவு அலுவல்களை அலையவிடாமல் முடித்துத் தந்த கிராம உத்தியோகத்தருக்கும் எங்கள் நன்றி.

கிரியைகளை முறைப்படி நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், திருப்பொற்சுண்ணம் பாடிய ஓதுவாருக்கும், பறை முழக்கிய கலைஞர்களுக்கும், பந்தல், கதிரை, ஒலிபெருக்கி அலுவல்களைப் பார்த்த இளைஞர்களுக்கும் நன்றி உரித்தாகுக. இழவு வீட்டில் அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியுமாக முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த அயல்வீட்டுப் பெண்களுக்கு ஒரு தகவல்: உங்கள் சட்டிகளும் மூடிகளும் மாறிக் கிடக்கின்றன, தயவுசெய்து வந்து பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

"என்னை ஐஸிலை வைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ, வரக்கூடிய பிள்ளை வரட்டும், ஏலாத பிள்ளை இருக்கிற இடத்திலை விளக்கேத்தட்டும்" என்று அம்மா உறுதியாகச் சொல்லியிருந்தபடியால், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகள் பலர் பந்தம் பிடிக்க வந்துசேர முடியவில்லை. அவர்களுக்காகக் கைத்தொலைபேசியைக் கையில் ஏந்தி, தகனம் முடியும்வரை மயானத்தில் வெயிலில் நின்ற மருமகனுக்கு அவர்களின் சார்பில் நன்றி கூறுகிறோம். விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்பிய இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வேம்பு பூக்கும் காலத்தில் அம்மா முற்றத்தில் சேலை விரித்துப் பூ உதிர்த்து, அரைத்த உழுந்தோடு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வெட்டிப் போட்டுப் பிசைந்து, சுளகில் தட்டிக் காயவைத்து, காகம் கலைக்கத் தடியோடு குந்தியிருந்து வடகம் செய்வார். ஊருக்கு யார் வந்தாலும், திரும்பும்போது அவர்களின் பெட்டியில் ஒரு பொதி ஏறும். நிறை கூடிவிடும் என்று தெரிந்தும், ஆச்சி மனம் நோகக்கூடாதென்று உங்கள் உடுப்பை எடுத்து வைத்துவிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு வடகம் சுமந்து போன அத்தனை பேருக்கும், விமான நிலையத்தில் "இது என்ன?" என்று கேட்ட அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிக் களைத்தவர்களுக்கும் எங்கள் தனி நன்றி.

அந்தியேட்டிக் கிரியை 31 ஆம் நாள் காலை கீரிமலைத் தீர்த்தக் கரையில் நடைபெறும். வீட்டுக்கிருத்தியமும் ஆத்மசாந்திப் பிரார்த்தனையும் எமது இல்லத்தில் நடைபெறும். அனைவரும் குடும்ப சமேதராக வருகைதந்து மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தனித்தனியே சொல்ல வேண்டிய பலர் இம்மடலில் விடுபட்டிருப்பார்கள், பொறுத்தருள வேண்டும். மீசாலைக்கும் வைத்தியசாலைக்கும் நாங்கள் நேரில் வருவோம்.

இங்ஙனம்,
மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
இணுவில், யாழ்ப்பாணம்